சோதனைக் காலம் மூன்று மாதம்: அமெரிக்க வீட்டுக் கடன் திருத்தம் கற்பித்த பாடம்

வீடு வாங்குகிறவர் சாவியைக் கையில் வாங்கிய நாளை மறப்பதில்லை. அந்த வீடு ஏலத்துக்கு வருகிறது என்று வங்கிக் கடிதம் வந்த நாளையும் மறப்பதில்லை. 2007ஆம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் பல மில்லியன் குடும்பங்கள் அந்த இரண்டாவது நாளைச் சந்தித்தன. அவர்களுக்கு 2009இல் அரசாங்கம் ஒரு வழி காட்டியது. மூன்று மாதங்களுக்குக் குறைந்த தவணையை ஒழுங்காகக் கட்டிக் காட்ட வேண்டும். கட்டிவிட்டால் அந்தக் குறைந்த தவணையே நிரந்தரமாகும். இந்த மூன்று மாதத்துக்குச் சோதனைக் காலம் என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ள இரண்டு பொருளும் அதற்குப் பொருந்திப் போனதுதான் வேதனை.

தவணையைக் கட்டிக் காட்டியவர்களுக்கு வாக்களித்தபடி நிரந்தரத் திருத்தம் கிடைத்ததா? கிடைக்காதவர்கள் யாரிடம் போய் முறையிட்டார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேட வேண்டுமானால், 2009க்கு முன்னால் 1933ஆம் ஆண்டுக்கும் ஒரு நடை போய் வர வேண்டும்.

1933: தராசு யார் கையில்?

அக்காலத்து அமெரிக்க வீட்டுக் கடன் இன்றுள்ளது போன்றதல்ல. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கே கடன் தருவார்கள். கடன் வாங்கியவர் வட்டியை மட்டும் கட்டி வருவார். கெடு முடியும்போது அசல் முழுவதும் ஒரே தொகையாக நிற்கும். வழக்கமாக வங்கி அதைப் புதுப்பித்துக் கொடுத்துவிடும். பெரும் பொருளாதார மந்தம் வந்தபோது வங்கிகளே மூடப்பட்டன. புதுப்பிக்க ஆளில்லை. வேலையும் இல்லை. 1933இல் நாள்தோறும் ஏறத்தாழ 1,000 வீடுகள் பறிமுதலாயின.

மக்களின் பொறுமையும் எல்லை கடந்தது. 1933 ஏப்ரல் 27ஆம் தேதி ஐயோவா மாநிலத்தின் லெ மார்ஸ் நகரில் விவசாயிகள் கூட்டம் ஒன்று நீதிமன்றத்துக்குள் புகுந்தது. இனி நிலப் பறிமுதல் உத்தரவில் கையெழுத்திட மாட்டேன் என்று உறுதி கூறும்படி நீதிபதியை வற்புறுத்தியது. அவர் மறுத்தார். கூட்டம் அவரை வெளியே இழுத்துச் சென்று கழுத்தில் கயிறு மாட்டியது. உயிர் தப்பியது அதிர்ஷ்டம். மாநில ஆளுநர் இராணுவச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதே ஆண்டில் அண்டை மாநிலமான மின்னசோட்டா வேறு வழி கண்டது. ஏலம் போன வீட்டை மீட்பதற்கான கெடுவை நீதிமன்றம் நீட்டித்துத் தரலாம் என்று சட்டம் இயற்றியது. ஆனால் அது இனாம் அல்ல. நீட்டித்த காலத்தில் வீட்டுக்காரர் ஒரு நியாயமான தொகையை மாதந்தோறும் கட்ட வேண்டும். அந்தத் தொகையை வங்கியோ வீட்டுக்காரரோ முடிவு செய்வதில்லை. இரு தரப்பையும் விசாரித்து நீதிபதி முடிவு செய்வார். உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட தொகை மாதம் 40 டாலர். 1934 ஜனவரி 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்தால் அதுவும் ஒரு சோதனைக் காலமே. குறைந்த தொகையை ஒழுங்காகக் கட்டு, வீடு உன்னிடம் இருக்கும் என்பதே அதன் சாரம். தராசைப் பிடித்திருந்தவர் மட்டும் நீதிபதி.

வாஷிங்டனில் அதிபர் ரூஸ்வெல்ட் 1933 ஜூன் 13ஆம் தேதி வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை உருவாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்தக் கழகம் வங்கிகளைக் கெஞ்சவில்லை. தவணை தவறிய கடனை வங்கியிடமிருந்து தானே எடுத்துக்கொண்டது. வங்கிக்குப் பணத்துக்குப் பதில் அரசாங்கக் கடன் பத்திரம் கொடுத்தது. வீட்டுக்காரருக்கு 15 ஆண்டுக் கடனை 5 விழுக்காட்டு வட்டியில் மாற்றி எழுதிக் கொடுத்தது. மாதாமாதம் அசலும் சேர்ந்து குறையும் கடன் அது. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மில்லியன் குடும்பங்கள் 3 பில்லியன் டாலருக்கு மேல் இப்படிக் கடன் பெற்றன.

கழகத்தின் வரலாற்றில் கறையும் உண்டு. கடன் வாங்கியவர்களில் சுமார் இரண்டு லட்சம் பேரின் வீடுகளைக் கழகமே பின்னர் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அது வரைந்த நகர வரைபடங்கள் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தானவை என்று சிவப்பு நிறத்தில் காட்டின. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. வீட்டுக்காரர் முன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரிடம்தான் கடனும் இருந்தது, முடிவெடுக்கும் அதிகாரமும் இருந்தது.

கடன் கொடுத்தவர் யார் என்றே தெரியாத காலம்

2000ஆம் ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். வங்கி கடனைக் கொடுத்த சில வாரங்களிலேயே அதை விற்றுவிடும். ஆயிரக்கணக்கான கடன்கள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, உலகெங்கும் உள்ள முதலீட்டாளர்களுக்குப் பத்திரங்களாக விற்கப்பட்டன. மாதத் தவணையை வசூலித்து முதலீட்டாளரிடம் சேர்ப்பதற்கென்று ஒரு நிறுவனம் நியமிக்கப்படும். அதுதான் தவணை வசூல் நிறுவனம். பல வேளைகளில் அது பெரிய வங்கி ஒன்றின் பிரிவாகவே இருக்கும்.

வீட்டுக்காரருக்குத் தெரிந்த முகம் இந்த வசூல் நிறுவனம் ஒன்றுதான். ஆனால் பணம் போட்டவர் அவரில்லை. ஆகவே வீடு பறிபோனால் அதிக நட்டம் அடைபவரும் அவரில்லை. தவணை தாமதமானால் அபராதக் கட்டணம் வசூலிக்கலாம். வீடு ஏலம் போனால் தான் முன்பணமாகப் போட்ட தொகையையும் கட்டணங்களையும் ஏலப் பணத்திலிருந்து முதலில் எடுத்துக்கொள்ளலாம். கடனைத் திருத்துவதற்கோ ஆள் வேண்டும், நேரம் வேண்டும். எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

வீட்டு விலை சரிந்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் கவிழ்ந்தது. அக்டோபர் 3ஆம் தேதி நிதி நிறுவனங்களைக் காப்பாற்ற 700 பில்லியன் டாலர் வரை ஒதுக்கும் சட்டம் நிறைவேறியது. வங்கிகளுக்கு உதவி வந்துவிட்டது, வீட்டுக்காரர்களுக்கு எங்கே என்ற கேள்வி எழுந்தது.

மேசா நகரில் ஓர் அறிவிப்பு

2009 பிப்ரவரி 18ஆம் தேதி, பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்த அதிபர் ஒபாமா, அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் உள்ள உயர்நிலைப்பள்ளி ஒன்றில் பதிலை அறிவித்தார். வீட்டு விலைச் சரிவால் மிகக் கடுமையாக அடிபட்ட மாநிலங்களில் அரிசோனாவும் ஒன்று. 75 பில்லியன் டாலர் திட்டம் அது. 3 முதல் 4 மில்லியன் குடும்பங்களின் கடனைத் திருத்தி வீடு பறிபோகாமல் காப்பது குறிக்கோள்.

மறுநாளே எதிர்ப்பும் கிளம்பியது. சிக்காகோ வணிகச் சந்தைத் தளத்தில் நின்றபடி தொலைக்காட்சிச் செய்தியாளர் ரிக் சாண்டெல்லி, தகுதிக்கு மீறி வீடு வாங்கியவரின் கடனை அடுத்த வீட்டுக்காரர் ஏன் சுமக்க வேண்டும் என்று ஆவேசமாகக் கேட்டார். தேநீர் விருந்து இயக்கம் என்ற அரசியல் எழுச்சிக்கு அந்தப் பேச்சு தீப்பொறியாக அமைந்தது. இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, ஒரு தவணையும் தவறாமல் கட்டிவந்த மக்களின் மனக்குறை அது. தகுதியில்லாதவருக்கு உதவி போய்விடக் கூடாது என்ற அச்சம் அரசாங்கத்துக்கும் இருந்தது. சோதனைக் காலம் என்ற ஏற்பாடு அந்த அச்சத்துக்கும் ஒரு பதில்தான். முதலில் கட்டிக் காட்டட்டும், பிறகு திருத்துவோம் என்பது நியாயமாகவே தோன்றியது.

தாளில் இருந்த கணக்கு

விதிமுறைகள் 2009 மார்ச் 4ஆம் தேதி வெளியாயின. 2009 ஜனவரி 1ஆம் தேதிக்குள் வாங்கிய கடனாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். ஒரு குடும்பம் வாழும் வீடானால் மீதிக் கடன் 729,750 டாலருக்கு மேல் போகக் கூடாது. வேலை இழப்பு, வருமானக் குறைவு, நோய் போன்ற ஒரு கஷ்டம் இருக்க வேண்டும்.

தகுதி பெற்றவரின் தவணை, பிடித்தங்களுக்கு முந்திய மாத வருமானத்தில் 31 விழுக்காடாகக் குறைக்கப்படும். அசல், வட்டி, வீட்டு வரி, காப்புறுதி எல்லாம் இதில் அடங்கும். மாதம் 4,000 டாலர் வருமானம் உள்ள குடும்பம் 1,240 டாலர் கட்டினால் போதும். அந்த இலக்கை எட்டும் வரை படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். முதலில் வட்டி, 2 விழுக்காடு வரை குறையும். போதாவிட்டால் கடன் காலம் 40 ஆண்டு வரை நீளும். அதுவும் போதாவிட்டால் அசலில் ஒரு பகுதி வட்டியின்றிக் கடைசிக்குத் தள்ளப்படும்.

இதன் வீச்சை ஓர் எளிய கணக்கில் காணலாம். இரண்டு லட்சம் டாலர் கடனுக்கு 7 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுக்கு மாதம் சுமார் 1,330 டாலர் கட்ட வேண்டும். அதே கடன் 2 விழுக்காட்டில் 40 ஆண்டுக்கு என்றால் சுமார் 606 டாலர். பாதிக்கும் குறைவு.

வசூல் நிறுவனத்துக்கும் ஊக்கத்தொகை உண்டு. ஒரு கடனை நிரந்தரமாகத் திருத்தினால் 1,000 டாலர். வீட்டுக்காரர் ஒழுங்காகக் கட்டிவந்தால் மூன்று ஆண்டுகள் வரை மேலும் ஆண்டுக்கு 1,000 டாலர் வரை. வீட்டுக்காரருக்கும் ஐந்து ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 1,000 டாலர் அசலில் கழிக்கப்படும்.

இவற்றுக்கெல்லாம் வாசல்படிதான் மூன்று மாதச் சோதனைக் காலம். தவணைப் பணம் அந்தந்த மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மூன்றும் சேர்ந்துவிட்டால், சொன்ன விவரங்களும் உண்மையாக இருந்தால், நிரந்தர ஒப்பந்தம் வரும்.

நடந்தது வேறு

வீடுகள் வேகமாகப் பறிபோய்க்கொண்டிருந்ததால் நிதியமைச்சு அவசரப்பட்டது. வருமானத்தை வாய்மொழியாகச் சொன்னாலே போதும், சோதனைக் காலத்தைத் தொடங்கலாம், தாள்களைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. நோக்கம் நல்லது. விளைவு கெட்டது. லட்சக்கணக்கானோர் உள்ளே நுழைந்துவிட்டார்கள். வெளியே போகும் கதவு குறுகலாக இருந்தது.

சம்பளச் சீட்டு, வரிப் படிவம், வங்கிக் கணக்கறிக்கை, கஷ்டத்தை விளக்கும் கடிதம் என்று வீட்டுக்காரர்கள் தொலைநகலில் அனுப்பினார்கள். வந்து சேரவில்லை என்று பதில் வந்தது. மறுபடியும் அனுப்பினார்கள். சம்பளச் சீட்டு பழையதாகிவிட்டது, புதியதை அனுப்புங்கள் என்றார்கள். ஒவ்வொரு முறை தொலைபேசியில் அழைத்தபோதும் வேறொருவர் பேசினார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நாடாளுமன்ற விசாரணைகளிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் இந்த ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று மாதம் என்று தொடங்கிய சோதனைக் காலம் பலருக்கு ஆறு மாதத்தையும் தாண்டியது.

2009 நவம்பர் இறுதியில் நிதியமைச்சு வெளியிட்ட கணக்கு நாட்டை உலுக்கியது. அப்போது ஏறத்தாழ 697,000 கடன்கள் சோதனைக் காலத்தில் இருந்தன. நிரந்தரமாகத் திருத்தப்பட்டவை 31,382 மட்டுமே. 2010 ஜூன் மாத வாக்கில் நிலைமை இன்னும் தெளிவாயிற்று. ரத்தான சோதனைக் காலங்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டின. நிரந்தரமானவை அதைவிடக் குறைவு.

மற்றொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. சோதனைக் காலத்தில் வீட்டை ஏலத்தில் விற்கக் கூடாது என்று மட்டுமே விதி இருந்தது. ஏலத்துக்கான மற்ற ஆயத்தங்களை ஒரு பக்கம் தொடர்ந்துகொண்டே போகலாம். ஆகவே ஒரே நிறுவனத்தின் ஒரு பிரிவு குறைந்த தவணையை வாங்கிக்கொண்டிருக்கையில், மறு பிரிவு பறிமுதல் கடிதம் அனுப்பியது. காலையில் ஒரு கடிதம் நம்பிக்கை தந்தது. மாலையில் இன்னொரு கடிதம் அதைப் பறித்தது.

தோற்றவர் கட்டிய விலை

சோதனைக் காலத்தில் தோற்றவர் தொடங்கிய இடத்துக்கே திரும்பினார் என்று எண்ணினால் தவறு. அவர் அதைவிட மோசமான இடத்தில் நின்றார். பழைய தவணை 1,800 டாலர், சோதனைத் தவணை 1,240 டாலர் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 560 டாலர் குறைகிறது. அந்தக் குறைவு தள்ளுபடி அல்ல, நிலுவை. மூன்று மாதத்தில் 1,680 டாலர். ஒன்பது மாதம் இழுத்தால் 5,040 டாலர். தகுதியில்லை என்ற கடிதம் வரும் நாளில், முன்பிருந்த பாக்கியோடு இதுவும் அபராதக் கட்டணமும் சேர்ந்து ஒரே தொகையாகக் கழுத்தை நெரிக்கும்.

அந்தப் பணத்தைக் கொண்டு அவர் வேறு என்ன செய்திருக்கலாம்? வீட்டைத் தாமே விற்க முயன்றிருக்கலாம். வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கலாம். திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடியிருக்கலாம். நம்பிக் காத்திருந்ததால் எல்லா வழியும் அடைபட்டது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதையாயிற்று.

இத்தனைக்கும் ஒரே ஒரு குறையே அடிப்படைக் காரணம். 1933இல் மின்னசோட்டாவில் தொகையை நிர்ணயித்தவர் நீதிபதி. 2009இல் தகுதியைச் சோதித்தது, தாள்களைச் சரிபார்த்தது, தேறியதா தோற்றதா என்று முடிவு சொன்னது எல்லாமே வசூல் நிறுவனம்தான். தேர்வு எழுதியவர் வீட்டுக்காரர். தேர்வாளரோ தேர்வின் முடிவால் இலாப நட்டம் அடைபவர். கலிபோர்னியா, அரிசோனா போன்ற மாநிலங்களில் வீட்டை ஏலம் விடவே நீதிமன்றம் போகத் தேவையில்லை என்பதால், அங்கு நடுவர் என்று ஒருவர் அறவே இல்லை.

நடுவரைக் கொண்டுவர ஒரு முயற்சி நடக்காமல் இல்லை. குடியிருக்கும் வீட்டின் கடனைத் திருத்தும் அதிகாரத்தைத் திவால் நீதிபதிகளுக்கு வழங்கும் மசோதா 2009 மார்ச்சில் கீழவையில் நிறைவேறியது. ஏப்ரல் 30ஆம் தேதி செனட் சபையில் 45க்கு 51 என்ற வாக்கில் தோற்றது. அந்தப் பிரம்பு கைநழுவிய பிறகு நிறுவனங்களிடம் அரசாங்கம் நீட்டியது கரும்பு மட்டுமே. அதன் இனிப்பு போதவில்லை.

அரசாங்கத்துக்குள்ளேயே கண்டனம் எழுந்தது. எலிசபெத் வாரன் தலைமையில் இயங்கிய நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு இத்திட்டத்தின் குறைகளை அடுத்தடுத்து எடுத்துரைத்தது. அவர் விலகிய பின் 2010 டிசம்பரில் அக்குழு வெளியிட்ட அறிக்கை, திட்டம் போகிற போக்கில் ஏழு முதல் எட்டு லட்சம் வீடுகளையே காப்பாற்றும் என்று மதிப்பிட்டது. மீட்பு நிதியின் சிறப்புத் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்த நீல் பரோஃப்ஸ்கி 2012இல் எழுதிய நூலில் ஒரு சந்திப்பை நினைவுகூர்கிறார். பறிமுதல்கள் ஒரேயடியாக வந்து விழாமல் காலப்போக்கில் பரவி வந்தால் வங்கிகள் தாங்கிக்கொள்ளும் என்ற கருத்தில் நிதியமைச்சர் கைட்னர் பேசினார் என்கிறார். விபத்துக்குள்ளாகும் விமானம் இறங்குவதற்கு ஓடுபாதையில் நுரை தெளிப்பதற்கு அவர் இத்திட்டத்தை ஒப்பிட்டாராம். அப்படியானால் அந்த நுரை யார்? தவணை கட்டிக்கொண்டு காத்திருந்த குடும்பங்கள்தான்.

சட்டம் மெதுவாக விழித்தது

திருத்தம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. முதலாவது நிதியமைச்சிலிருந்து. 2010 ஜூன் 1ஆம் தேதி முதல், வருமானத் தாள்களைச் சரிபார்த்த பிறகே சோதனைக் காலம் தொடங்க வேண்டும் என்று விதி மாறியது. பறிமுதல் நடவடிக்கைக்கும் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு தொடங்கிய சோதனைக் காலங்களில் மிகப் பெரும்பாலானவை நிரந்தரத் திருத்தமாக முடிந்தன. முன்பு தோற்றவர்கள் பலர் நேர்மையற்றவர்கள் அல்லர், ஒழுங்கற்ற முறைக்குப் பலியானவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது நீதிமன்றத்திலிருந்து. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வீட்டுக்காரர் ஒருவர் சோதனைத் தவணைகளைக் கட்டியும் திருத்தம் மறுக்கப்பட்டதால் தம் வங்கி மீது வழக்குத் தொடுத்தார். அரசாங்கத் திட்டத்தின் கீழ் தனிநபர் வழக்குப் போட வழியில்லை என்று வங்கி வாதிட்டது. சிக்காகோவில் உள்ள ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 மார்ச் 7ஆம் தேதி அதை ஏற்க மறுத்தது. சோதனைக் காலத் தாளில் வங்கி கையெழுத்திட்டு அனுப்பிய பின், வீட்டுக்காரர் தம் பங்கை நிறைவேற்றிவிட்டால், சொன்ன சொல்லைக் காப்பாற்றும் கடமை வங்கிக்கு உண்டு, அதை ஓர் ஒப்பந்தமாகக் கருதி மாநிலச் சட்டப்படி வழக்காடலாம் என்றது. 2013இல் மேற்குக் கரையின் ஒன்பதாவது வட்டார நீதிமன்றமும் அதே வழியில் சென்றது. மூன்று மாதச் சோதனை வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, வங்கிக்கும் உரியது என்று சட்டம் ஒருவழியாக ஒப்புக்கொண்டது.

படிக்காமலேயே பறிமுதல் பத்திரங்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்ட ஊழல் 2010இல் அம்பலமானது. 2012 பிப்ரவரியில் ஐந்து பெரிய வசூல் நிறுவனங்கள், 49 மாநிலச் சட்டத்துறைத் தலைவர்களோடும் கூட்டரசு அரசாங்கத்தோடும் 25 பில்லியன் டாலர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்கீழ் வீட்டை இழந்து விண்ணப்பித்தவர்களுக்கு 2013இல் வந்த காசோலையின் மதிப்பு ஏறத்தாழ 1,480 டாலர். ஒரு வீட்டுக்கு அது ஈடாகுமா என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

அதைவிடப் பயனுள்ளதாக அமைந்தவை பயனீட்டாளர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் கொண்டுவந்த விதிகள். 2014 ஜனவரி 10ஆம் தேதி அவை நடப்புக்கு வந்தன. தவணை தவறி 120 நாள் கடக்கும் முன் பறிமுதல் நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது. முழுமையான விண்ணப்பம் ஏலத் தேதிக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போதே வந்துவிட்டால், முடிவு சொல்லும் வரை ஏலம் விடக் கூடாது. 30 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். காலையில் ஒரு கடிதம், மாலையில் ஒரு கடிதம் என்ற கொடுமைக்கு முதல் முறையாக நாடு தழுவிய தடை வந்தது.

எஞ்சிய பாடம்

அந்தத் திட்டத்துக்குப் புதிய விண்ணப்பங்கள் 2016 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றன. 1.6 மில்லியனுக்கும் அதிகமான கடன்கள் நிரந்தரமாகத் திருத்தப்பட்டிருந்தன. மூன்று, நான்கு மில்லியன் என்ற வாக்குறுதியில் அது பாதியளவே. ஆனால் பயன்பெற்ற குடும்பங்களுக்கு அது பாதி அல்ல, முழு வீடு. பழியையும் புகழையும் சேர்த்தே எழுத வேண்டிய கதை இது.

சோதனைக் காலம் என்ற முறை மட்டும் மறையவில்லை. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகிய இரு பெரும் கடன் நிறுவனங்கள் 2017இல் தொடங்கிய புதிய திருத்த முறையிலும் வழக்கமாக மூன்று மாதச் சோதனைத் தவணை உண்டு. அதற்குள் நுழையும் அமெரிக்க வீட்டுக்காரர் எதிர்பார்க்க வேண்டியவை இந்த வரலாற்றிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. குறைந்த தவணை இனாம் அல்ல. பாக்கி அசலோடு சேர்க்கப்படும், எனவே மொத்தக் கடன் பெருகவும் கூடும். வரியும் காப்புறுதியும் தவணையிலேயே அடங்கியிருக்கும். ஒரு மாதம் தவறினாலும் எல்லாம் கலையலாம். திருத்தம் மறுக்கப்பட்டால் கட்டாத மீதி ஒரே தொகையாக நிற்கும். ஆகவே கட்டிய பணத்துக்கும் அனுப்பிய தாளுக்கும் நகல் வைத்திருப்பது, வாய்ச் சொல்லை நம்பாமல் எழுத்தில் கேட்பது, நிறுவனத்தின் கையெழுத்திட்ட தாளைப் பெற்றுப் பத்திரப்படுத்துவது ஆகிய மூன்றும் பணத்துக்கு நிகரானவை. இல்லினாய் வீட்டுக்காரரின் வழக்கு நின்றதே அந்தத் தாளை வைத்துத்தான்.

அரசாங்கமும் ஒன்றைக் கற்றுக்கொண்டது. கோவிட் பெருந்தொற்றின்போது 2020 மார்ச் 27ஆம் தேதி கையெழுத்தான சட்டம், கூட்டரசு ஆதரவுள்ள வீட்டுக் கடன்களுக்கு 180 நாள் வரையிலும், தேவைப்பட்டால் மேலும் 180 நாள் வரையிலும் தவணையை நிறுத்திவைக்க வழி செய்தது. பெருந்தொற்றால் கஷ்டம் என்று வீட்டுக்காரர் சொன்னால் போதும். சம்பளச் சீட்டு வேண்டாம், தொலைநகல் வேண்டாம். கட்டாமல் விட்ட தவணைகள் பலருக்குக் கடனின் கடைசிக்குத் தள்ளிவைக்கப்பட்டன. 2009இல் அடுக்கடுக்காகத் தாள் கேட்ட அதே நாடு, பதினொரு ஆண்டுக்குப் பிறகு ஒரு வார்த்தையை ஏற்றுக்கொண்டது.

கடன்பட்டவர் ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கட்டிக் காட்டு என்று சோதனை வைப்பதிலும் தவறு இல்லை. ஆனால் வைக்கிற சோதனை இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு நாள் பிந்தினால் தோல்வி, நிறுவனம் ஆறு மாதம் பிந்தினால் கேள்வியில்லை என்றால் அது சோதனை அல்ல, தண்டனை. 1933இல் ஒரு நீதிபதி மாதம் 40 டாலர் என்று நிர்ணயித்தபோது அந்தக் குடும்பத்துக்கு என்ன கட்ட வேண்டும், எதுவரை கட்ட வேண்டும், கட்டினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்திருந்தது. 2009இல் குறைந்த தவணையைக் கட்டிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு, அந்த மூன்றில் முதலாவது மட்டுமே தெரிந்திருந்தது.